மனுவுக்கு மௌனம்! கார்ட்டூனுக்குக் கைது!

"சட்டம் ஒழுங்கு சீராக இருக்கிறது" என்று கோட்டையில் உட்கார்ந்த ஒவ்வொரு சர்க்காரும் மார்தட்டிக் கொள்கிறது. இத்தனை கொலை, இத்தனை கொள்ளை, இத்தனை சங்கிலிப் பறிப்பு என்று சட்டசபையில் கணக்கு வாசிக்கிறார்கள். போன வருஷத்தை விடக் குறைவு என்று மேஜையைத் தட்டுகிறார்கள்.

அந்தக் கணக்கு எப்படி உண்டாகிறது? போலீஸ் ஸ்டேஷனில் வழக்குப் பதிந்தால்தான் குற்றம் கணக்கில் ஏறும். பதியாவிட்டால் குற்றமே நடக்கவில்லை! அப்படிக் கணக்கில் ஏறாமலே ஏழையின் ரத்தத்தை உறிஞ்சும் குற்றம் ஒன்று உண்டு. ஆய்க்குடியிலும் அச்சன்புதூரிலும் சுரண்டையிலும் வயலில் நாற்று நடும் பெண்களும், சங்கரன்கோவிலில் தறி ஓட்டும் தொழிலாளியும், வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் தாயும் அதை நன்கு அறிவார்கள். அதன் பெயர் கந்துவட்டி.

பத்தாயிரம் என்று எழுதி வாங்குவான். எண்ணாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பான். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் தண்டல். வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டும். ஒரு நாள் தவறினால் வாசலில் வந்து நிற்பான். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து அவனிடம்; வங்கி அட்டையும் அவனிடம். நூறு நாள் வேலையின் கூலி வந்தால் அதை முதலில் தொடுவது அவன் கை!

தோழர்களே, 2017 அக்டோபர் 23-ஐ நாம் மறக்கவில்லை. அன்று திங்கட்கிழமை, மனுநீதி நாள். ஆய்க்குடி வட்டாரத்தை அடுத்த காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர், மனைவியுடனும் இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளுடனும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு வந்தார். அவர் வாங்கிய கடன் 1 லட்சத்து 45 ஆயிரம். கட்டியது 2 லட்சத்து 34 ஆயிரம். அதற்குப் பிறகும் கொடு, கொடு என்று மிரட்டல். கலெக்டரிடம் திரும்பத் திரும்ப மனு கொடுத்தார். மனு கலெக்டர் ஆபீசிலிருந்து போலீசுக்குப் போயிற்று. நியாயம் மட்டும் திரும்பி வரவில்லை. கடைசியில் அந்த ஆபீஸ் வளாகத்திலேயே நால்வரும் தீயில் கருகினார்கள்; நால்வரும் மாண்டார்கள். அந்தக் குழந்தைகள் யாரிடம் கடன் வாங்கினார்கள்?

உயிர் போன பிறகு வட்டிக்காரர்களைப் பிடித்தார்கள். மனு கொடுத்தபோது அசையாத கை, பிணம் விழுந்த பிறகு அசைந்தது.

இன்னொரு கையும் அசைந்தது! இந்தக் கொடுமையைக் கண்டு மனம் கொதித்த கார்ட்டூனிஸ்ட் பாலா, முதலமைச்சரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் சாடி ஒரு படம் வரைந்தார். கலெக்டர் புகார் கொடுத்தார். 2017 நவம்பர் 5-ல் நெல்லைப் போலீசார் சென்னைக்கே போய் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் கோர்ட்டு ஜாமீனில் விட்டது. கூலிக்காரன் மனுவைத் தூக்கிக்கொண்டு காசிதர்மம் வரை போக முடியாத போலீசுக்கு, கலெக்டரின் மனுவைத் தூக்கிக்கொண்டு அறுநூறு கிலோமீட்டர் போக முடிந்தது! போலீசுக்கு ஆள் பற்றாக்குறை, வண்டி பற்றாக்குறை என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003 மே மாதம் சென்னையில் ஒரு சினிமாத் தயாரிப்பாளர் கடன் தொல்லையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில் சட்டம் பிறந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லிக் குற்றமாக்கப்பட்டன. மூன்று வருஷம் வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். 2022-ல் 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று டி.ஜி.பி. உத்தரவு போட்டார். 2025-ல் கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தடுக்க இன்னொரு சட்டமும் சட்டசபையில் நிறைவேறியது. சட்டப் புத்தகம் தடித்துக்கொண்டே போகிறது. ஏழை வீட்டு அடுப்பு அணைந்துகொண்டே போகிறது.

"கடன் வாங்கினவன் கொடுக்கத்தானே வேண்டும்? இது கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஸ்டேஷனில் உபதேசம் செய்கிறார்கள். நம்மில் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறோம். கேட்கிறோம்: வாழைத்தார் திருடினவனைப் பிடித்து, தோட்டக்காரனோடு பேசித் தீர்த்துக்கொள் என்று எந்த இன்ஸ்பெக்டராவது அனுப்பி வைத்ததுண்டா? வாங்கின கடனைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டியவன் கடன்காரனா, கொள்ளை கொடுத்தவனா?

ஜனங்கள் ஆசைப்பட்டு வட்டிக்காரன் வாசலை மிதிக்கவில்லை. கார் பொய்த்தால் கடன், பிசானம் பொய்த்தால் கடன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடன். கூலி காணாது, கூட்டுறவுச் சங்கம் நிலம் கேட்கும், நகை கேட்கும், நிலமும் நகையும் இல்லாதவன் எங்கே போவான்? குற்றத்தின் வேர் இங்கே இருக்கிறது. லத்தி இந்த வேரைத் தொடாது.

காசிதர்மத்துத் தீக்குப் பிறகு சர்க்கார் கற்ற பாடம் என்ன? கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீசை நிறுத்தி, மனு கொடுக்க வருகிறவர்களின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது! பாட்டிலைச் சோதிக்கிறார்கள், மனுவைப் படிப்பதில்லை.

தோழர்களே, சாவது வழியல்ல. நாம் செத்தால் வட்டிக்காரன் இரண்டு நாள் ஒளிந்திருப்பான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவான். தனி ஆளாய் மனு கொடுப்பதும் வழியல்ல. தனி மனு குப்பைக் கூடைக்குப் போகும். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று 2013 நவம்பர் 12-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குவது புகார்தாரரின் உரிமை. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். சங்கத்தோடு போங்கள், நூறு பேராகப் போங்கள்!

நாம் கோருவது இது: கந்துவட்டிப் புகார் ஒவ்வொன்றிலும் வழக்குப் பதிய வேண்டும். பதிய மறுக்கும் அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும். வந்த மனு எத்தனை, பதிந்த வழக்கு எத்தனை, தண்டனை எத்தனை என்று தென்காசி மாவட்ட நிர்வாகம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். நிலமும் நகையும் இல்லாத கூலிக்காரனுக்குக் கூட்டுறவுச் சங்கம் கடன் தர வேண்டும்.

இவை கிடைக்கும்வரை, "சட்டம் ஒழுங்கு சீர்" என்று சொல்லும் மந்திரிகளை எங்கே கண்டாலும் ஒன்றே கேட்போம்: யாருக்குச் சட்டம்? யாருக்கு ஒழுங்கு?