ஓர் உறையில் இரு வாள்

ஓர் உறையில் இரு வாள் இரா என்பது நம் முன்னோர் வாக்கு. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளின் உலகிலும் இவ்வாக்குச் செல்லும் என்றால் வாசகர்கள் வியப்புறலாம். நெருப்புக் காய்ச்சலின் வரலாற்றை நோக்குவோர்க்கோ இது வியப்பு மட்டுமன்று, உயிர் காக்கும் அறிவுமாகும்.

நம் பாட்டன்மார் காலத்தில் அக்காய்ச்சல் ஒரு வீட்டிற் புகுந்தால் வாரக்கணக்கில் வீடே துயிலாது. 1948 இல் குளோரம்பெனிக்கோல் அதற்குக் கைகண்ட மருந்தாக வந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அது பெரும்பாலும் கைகொடுத்தது. பின்னர் 1972 இல் இரு தேசங்களில் அம்மருந்து தோற்றது. ஒன்று மெக்சிக்கோ, அங்கே 10,000 பேருக்கு மேல் நோயுற்றனர். மற்றையது நமக்கு அண்மையிலுள்ள கேரளத்துக் கோழிக்கோடு. மருந்தை எதிர்க்கும் திறன் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுவதைக் கோழிக்கோட்டு ஆய்வாளர் பணிக்கரும் விமலாவும் அவ்வாண்டிலேயே எடுத்துக்காட்டினர்.

ஒரே கிருமிதான் கடல் கடந்து சென்றதோ? அன்று. இரண்டும் வெவ்வேறு வகையின. ஆனால் அவை சுமந்த பொருள் ஒரே குலத்தது. அப்பொருளே பிளாஸ்மிட்டு. பற்றீரியாவின் நிறமூர்த்தத்துக்குப் புறம்பாக, பெரும்பாலும் சிறு வளையமாக அமைந்த டி.என்.ஏ. அது. மருந்தை வெல்லும் பரம்பரை அலகுகள் பல அதிலேயே உறைகின்றன.

இவற்றின் குலத்தை அறிவது எப்படி? இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் ஆய்ந்த நயோமி தத்தா அம்மையாரும் ஹெட்ஜஸ் என்பவரும் 1971 இல் ஒரு வழியைக் கையாண்டனர். இரு பிளாஸ்மிட்டுகளை ஒரே பற்றீரியாவினுட் புகுத்திப் பல தலைமுறை பெருகவிடுதல் வேண்டும். இரண்டும் நிலைத்தால் அவை வெவ்வேறு குலம். ஒன்று விலகினால் இரண்டும் ஒரே குலம்.

காரணத்தை ஓர் உவமையால் விளக்குவோம். இரண்டு குத்துவிளக்குகள் மட்டுமே வைத்திருப்பது ஒரு வீட்டின் வழக்கம் என்க. பாகப்பிரிவினையில் மக்கள் இருவரும் ஒவ்வொன்று பெறுவர். பின் தத்தம் விளக்கைப் போலவே இன்னொன்று வார்ப்பித்து எண்ணிக்கையை நிரப்புவர். இனி, அயல் வீட்டு விளக்கொன்று அவ்வீட்டில் வந்து சேர்ந்தால்? நமதொன்றும் அயலதொன்றுமாக இரண்டென்றே கணக்காகும். பிரிவினையில் ஒரு வீட்டிற்கு நமது போகும், மற்ற வீட்டிற்கு அயலது போகும். இரண்டும் ஒருங்கே இரா. வந்தது விளக்கன்றி அம்மியாயின் அதன் கணக்கு வேறு. இரண்டும் ஒற்றுமையாய் வாழும். பிளாஸ்மிட்டும் இவ்வாறே. தன் படிகளை எண்ணிப் பெருக்கும் முறை ஒன்றாயிருப்பின் பகை, வேறாயிருப்பின் உறவு.

இப்பாகுபாட்டினால் என்ன பயன் என மாணவர் வினவலாம். மெக்சிக்கோவிலும் கேரளத்திலும் கண்டது எச்-1 எனும் குலம். அக்குலத்தின் இயல்பு அறியப்பட்டுள்ளது. நம் உடலின் 37 பாகை வெப்பத்தில் அது எளிதிற் கைமாறுவதில்லை. 22 முதல் 30 பாகை வரையிலேயே நன்கு பரவும். அதாவது, உடலைவிட நீரும் மண்ணும் அதற்கு உகந்த சந்தை. 2016 இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஐவகை மருந்துகளுக்கு அடங்காத நெருப்புக் காய்ச்சல் எழுந்தபோது, அதிற் கண்டது வேறொரு குலம். வை என்பது அதன் பெயர். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியாவிலிருந்து அது வந்திருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதினர். குலம் தெரிந்தால் வழி தெரியும்; வழி தெரிந்தால் அடைக்கலாம். இன்று அக்குலத்தை டி.என்.ஏ.யைப் படித்தே அறிந்துகொள்கின்றனர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நெருங்கி வாழும் நமக்கு இதிலிருந்து இரு கடமைகள் புலனாகின்றன. கழிவுநீர் குடிநீரோடு கலவாது காத்தலும், ஐயமுள்ள நீரைக் கொதிக்கவைத்தே பருகுதலும் ஒன்று. மூத்த பிள்ளைக்கு வைத்தியர் தந்த மருந்தில் எஞ்சியதை இளைய பிள்ளைக்குக் கொடாதிருத்தல் மற்றொன்று. வேண்டாத மருந்து, குடலிலுள்ள ஆயுதமற்ற கிருமிகளைக் கொன்று, ஆயுதம் தாங்கியவற்றுக்கு இடம் விடும். அவ்வாயுதம் நாளை நெருப்புக் காய்ச்சற் கிருமியின் கையிற் சேரின், நம் பிள்ளைக்கு வைத்தியர் எம்மருந்தைத் தருவார்?