அரபும் தமிழ் மாணாக்கரும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து மாணாக்கி ஒருத்தி பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டுடன் எம்மைக் காண வந்தாள். உயர்தரத்தில் தமிழில் திறமைச் சித்தி பெற்றவள். கையேட்டில் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தாள். "ஐயா, அரபு மொழி என்று ஒரு பாடநெறி இருக்கிறதே, அது முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள். அவளுடைய தாயார் குவைத்தில் ஆறாண்டுகள் வீட்டுப் பணி செய்து மீண்டவர். வீட்டில் இன்றும் சில அரபுச் சொற்கள் அவர் வாயில் வருமாம். அவற்றைக் கேட்டுக் கேட்டுப் பிறந்த ஆசை இது. அயலாரோ, "அம்மா போன வழியே மகளும் போகவா?" என்று நகைத்தார்களாம்.

வினா சிறிது, விடை சிறிதன்று. நம் மலைநாட்டில் அரபு என்றவுடன் இரண்டு எண்ணங்களே எழுகின்றன. ஒன்று, அது தொழுகையின் மொழி. மற்றொன்று, கடவுச்சீட்டின் மொழி. பள்ளிவாசலுக்கும் விமான நிலையத்துக்கும் இடையே பேரிலக்கியம் ஒன்று இருப்பதை நாம் எண்ணுவதில்லை. அவ்விலக்கியத்தை அறியாமல் தமிழையே முற்றக் கற்க இயலாது என்பதையோ, தமிழாசிரியராகிய நாமே எண்ணுவதில்லை.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை நாம் கற்பிக்கும் முறையைப் பாருங்கள். நாட்டுப் படலத்து மழையையும் ஆற்றையும் கம்பனோடு ஒப்பிட்டு மகிழ்வோம். அரபுச் சொல் ஒன்று குறுக்கிட்டால், அடிக்குறிப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த விருத்தத்துக்குத் தாவுவோம். யாமும் இருபத்தைந்து ஆண்டுகள் அவ்வாறே செய்தோம், மறைப்பதற்கில்லை. ஆயின் அந்நூலின் மூன்று காண்டங்களின் பெயர்களே அரபுச் சொற்கள்: விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து. பிறப்பு, நபித்துவம், இடம்பெயர்வு என்பன அவற்றின் பொருள். வாயிற்படியிலேயே அரபு நிற்கும் வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழைகின்றோம்.

அரபு மொழியில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்களே வேர். தமிழில் பகுதியின் பின்னே இடைநிலையும் விகுதியும் வந்து சேரும். அரபிலோ வேர்மெய்கள் நிலைத்து நிற்க, அவற்றினிடையே உயிர்கள் மாறி மாறிப் புகுந்து புதுப் பொருள் தரும். வ, ல, த என்னும் மூன்று ஒலிகளிலிருந்து 'விலாதத்' என்னும் பிறப்பும், 'வாலித்' என்னும் தந்தையும், 'வாலிதா' என்னும் தாயும், 'வலத்' என்னும் சிறுவனும், நம் முஸ்லிம் அன்பர் வீடுகளில் ஓதப்படும் 'மௌலிது'ம் கிளைக்கின்றன. இதனை எமக்குச் சொல்லித் தந்தவர் எம்முடன் பணியாற்றிய மௌலவி ஒருவர். அதுவும் இடைவேளையில், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு. குவைத்து வீட்டுச் சிறுவனைக் குறிக்க அத்தாயார் இன்றும் சொல்லும் 'வலத்' என்பதும், உமறுப் புலவரின் முதற் காண்டத்துப் பெயரும் ஒரே வேரின் கிளைகள் என்று சொன்னபோது அம்மாணாக்கி சிறிது நேரம் பேசவில்லை. "அப்படியானால் அம்மா பேசுவது சமையலறைப் பாஷை இல்லையா, ஐயா?" என்றாள் பிறகு.

முஸ்லிம்களுக்கு மட்டுந்தானா என்னும் வினாவுக்கு வருவோம். அரபு இலக்கணத்தின் மூலநூலாகப் போற்றப்படும் 'அல்கிதாப்' 8ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதனை இயற்றிய சீபவைஹி அரபியர் அல்லர், பாரசீகர். புறத்தேயிருந்து வந்து கற்றவர் அம்மொழிக்கே இலக்கணம் வகுத்தார். அரபுக் கவிதையின் மிகப் பழைய செல்வமான முஅல்லகாத்துப் பாடல்களோ இஸ்லாத்துக்கு முந்திய பாலைவனத்தில் பிறந்தவை. காதலி கூடாரமிட்டிருந்து நீங்கிய வெற்றிடத்தில் நின்று கலங்குதல், பின் ஒட்டகமேறி நெடுவழி செல்லுதல் என்று அவை நடக்கும். பாலைத்திணையை உரையுடன் கற்ற நம் மாணாக்கர்க்கு இவை அயலவர் பாட்டாகத் தோன்றா. பிரிவும் வழியும் வெம்மையும் நாம் அறிந்தவையே.

வரலாற்றுத் துறைக்கும் இத்தேவை உண்டு. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடினார். அம்மன்னர் பாரசீகம் அறிந்தவர் என்றும், சிவனொளிபாத மலைக்குச் செல்லத் தமக்குப் பல்லக்கும் துணையாட்களும் தந்தார் என்றும் எழுதிவைத்தார். யாழ்ப்பாண அரசை நேரிற் கண்டு எழுதிய அச்சான்று அரபில் இருக்கிறது. நாமோ அதனை ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து மீண்டும் பெயர்த்துப் படிக்கின்றோம். அரபு எழுத்திலே தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழ் மட்டும் கற்றவர்க்கு எழுத்துத் தெரியாது. அரபு மட்டும் கற்றவர்க்குத் தமிழ் மரபு தெரியாது. இருவருக்கும் இடையில் ஏடுகள் செல்லரிக்கின்றன.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியபின் தமிழும் அரபும் கீழைத்தேயக் கல்விப் பீடம் என்னும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. அக்காலத்தில் விபுலாநந்த அடிகளிடம் தமிழ் கற்ற ம. மு. உவைஸ், தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆய்வுப் பொருளாக்கினார்; 1953இல் அது நூலாயிற்று. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகவும் விளங்கினார். இன்று பேராதனையில் அரபுக்குத் தனித்துறை உண்டு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் உண்டு. துறைகள் வளர்ந்தன. அவற்றுக்கிடையே சுவர்களும் வளர்ந்தன.

ஹாலிஎல நிலையத்தில் புகைவண்டி ஏறினால் பேராதனைக்கு ஒரே பாதை. ஆயின் பாதை இருந்தும் வாயில் இல்லை. அரபைச் சிறப்பாகக் கற்க விரும்புவோர் பாடசாலையிலேயே அடிப்படை பெற்றிருத்தல் வேண்டும்; எம் தோட்டப்புறப் பாடசாலைகளில் அதனைக் கற்பிப்பார் இலர். எனவே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அரபைத் துணைப்பாடமாக ஏற்று, அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் வகுப்பொன்றைத் தம் மாணாக்கர்க்கு அமைத்துத் தருதல் வேண்டும். அன்றைய பண்டிதர்கள் வடமொழி கற்றபோது அவர்தம் சமயத்தை யார் வினவினர்? தனித்தமிழ் அன்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்கள் அன்றாடம் வழங்கும் வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து ஆகியன எங்கிருந்து வந்தன என்று அறியவாவது அவ்வகுப்பில் ஒரு நாள் அமரட்டும்.

உத்தியோகம் கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பர், கேட்பதில் தவறில்லை. அத்தாயார் வெளிநாடு செல்லுமுன் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் ஒரு பாதி அரபு, மறுபாதி ஆங்கிலம். அவர் அறிந்ததோ தமிழ் ஒன்றே. வாசித்துப் பொருள் சொல்ல அன்று அருகில் எவருமில்லை. என்ன எழுதியிருந்தது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாதாம். ஆண்டுதோறும் அத்தகைய தாள்களில் நம் பெண்கள் ஒப்பமிடுகின்றனர். இரு மொழியும் முறையாகக் கற்ற ஒருவர்க்கு இப்பகுதியிலேயே பணி காத்திருக்கிறது.

அத்தாள் இன்னும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை தாயாரையும் அதனையும் அழைத்து வருமாறு மாணாக்கியிடம் சொல்லியிருக்கிறோம். மௌலவி நண்பரும் வருவதாக இசைந்துள்ளார்.