பக்கத்தில் ஒரு பெண்

பிரசவ அறையில் டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். ஆனால் நெற்றி வியர்வையைத் துடைத்து, "பயப்படாதே கண்ணு, நான் இருக்கேன்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

யானைக்கவுனியில் ஒற்றை அறைக் குடித்தனம் நடத்தும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் வீடு ஒரு ராத்திரி ரயில் பயணம். புருஷனுக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. வலி கண்டால் அவள் யாரை அழைத்துக்கொண்டு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் போவாள்?

மேல்நாட்டில் இப்படிப்பட்ட துணைக்கு 'டூலா' என்று பெயர். கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று பொருள். மருந்து கொடுப்பதோ, குழந்தையை எடுப்பதோ இவள் வேலையல்ல. கையைப் பிடித்துக்கொள்வாள், முதுகைத் தடவுவாள், நாலடி நடக்க வைப்பாள். இதுவும் ஒரு வைத்தியமா என்கிறீர்களா? 1980-ல் வெளியான குவாதமாலா நாட்டு ஆஸ்பத்திரிச் சோதனையைக் கேளுங்கள். சிக்கலில்லாத பிரசவங்களில், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை, தனியே இருந்தவர்களுக்குச் சராசரி 19.3 மணி நேரம் ஆயிற்று. துணை இருந்தவர்களுக்கு 8.8 மணிதான். அந்தத் துணைகளோ பயிற்சி பெறாத, முன்பின் பார்த்திராத பெண்கள்!

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 முதலே பிரசவத் துணைக்கு இடம் உண்டு. 2016-ல் மத்திய அரசும் விதி வகுத்தது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணாக இருந்தால் நல்லது. தொற்று நோய் கூடாது. சுத்தமான உடை வேண்டும். மற்றப் படுக்கைகள் பக்கம் போகக் கூடாது. மறைப்பு வசதியுள்ள இடத்தில் கணவனையும் விடலாம். உலக சுகாதார நிறுவனமோ, பெண் தானே விரும்பும் துணை என்று 2018-ல் சொல்லிவிட்டது. உறவு இல்லாதவர்கள், பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து வரலாமா என்று ஏழாம் மாதச் சோதனையிலேயே நர்ஸிடம் கேட்டு வையுங்கள். ஒன்று மட்டும்: "எங்க அண்ணி செத்துப் பிழைச்சா, தெரியுமா?" என்று ஆரம்பிக்கும் அத்தையைத் தயவுசெய்து வெளியிலேயே உட்கார வையுங்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் துணை இன்னும் அதிகம் வேண்டும். சாப்பாட்டுக்கு இந்தப் பக்கத்தில் குறைவில்லை. சௌகார்பேட்டையில் கோந்து லட்டு, நம் வீடுகளில் பூண்டுக் குழம்பு, ராயபுரத்தில் பால் சுறாப் புட்டு. நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால் பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைக்கிறார்களே, அது தவறு. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். முதல் சில நாட்கள் காரணமின்றி அழுவாள், அதட்டாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

உதிரப் போக்கு திடீரென்று அதிகமானாலும், ஜுரமோ, பொறுக்க முடியாத தலைவலியோ, வலிப்போ கண்டாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். "தீட்டு அப்படித்தான் போகும்" என்று சொல்லும் பாட்டியிடம் அந்தச் சமயத்தில் யோசனை கேட்க வேண்டாம்.