அட்வான்ஸ்டு பாடம் வீடியோவில் இல்லை!

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு செம்மங்குப்பம் பக்கம் தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மூக்குக்குத் தெரிந்திருக்கும்! 1980-களில் வந்த சிப்காட் ரசாயன ஆலைகள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

அந்த ஊரில் போட்டோ எடுக்கும் ஆசை கொண்ட கல்லூரி மாணவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு செல்போன், அல்லது சித்தப்பா வாங்கிப் போட்ட பழைய கேமரா. அடிப்படை எல்லாம் தெரிந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்கு யூடியூபில் "அட்வான்ஸ்டு போட்டோகிராபி" என்று தேடுகிறான். என்ன வருகிறது?

ஐஸ்லாந்தில் பனிமலை. நியூயார்க்கில் மழை. பின்னணி மொத்தமும் மங்கிப்போக ஒரு லென்ஸ். அந்த லென்ஸை வாங்க வீடியோவுக்குக் கீழேயே ஒரு சுட்டி! அதை அழுத்தி யாராவது வாங்கினால் வீடியோ போட்டவருக்குக் கமிஷன். இதற்குப் பெயர் பாடமா, கடையா?

தமிழில் தேடினால் மட்டும் என்ன? கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகத்தை இரண்டு மடங்கு வெளுக்க வைப்பது எப்படி, வானத்தை மாற்றி ஒட்டுவது எப்படி... இதெல்லாம் "அட்வான்ஸ்டு" என்றால், ஒருவரின் முகத்தை உள்ளபடி எடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். "அப்போ டெக்னிக்கே வேண்டாமா? கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணுமா?" வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் லெவாய் 2016-ல் கூகுள் ஊழியர்களுக்கு டிஜிட்டல் போட்டோகிராபி பற்றி எடுத்த 18 வகுப்புகளும் இணையத்தில் இலவசம். லென்ஸ் எப்படி வேலை செய்கிறது, சென்சார் எப்படி ஒளியை எண்ணாக்குகிறது என்று அடிமுதல் நுனிவரை சொல்லிவிடுகிறார். அதையும் பார்த்து முடித்த பிறகு பத்தொன்பதாவது வீடியோவைத் தேடி அலைபவன் படம் எடுக்கவில்லை, படம் எடுப்பதைத் தள்ளிப்போடுகிறான். அவ்வளவுதான்.

அந்த டெக்னிக்கைக்கூட உள்ளூர் வெயிலில்தான் சோதித்தாக வேண்டும். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் கறுத்த மனிதர் ஒருவர் நின்றால், சுவரைப் பார்த்து பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் கரிக்கட்டை. ஐஸ்லாந்து வீடியோக்காரருக்கு இந்தப் பிரச்சினை எங்கே வரப்போகிறது? பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்திலேயே பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். கறுத்த தோல் அந்தக் கணக்கில் வரவில்லை. தீர்வு என்னவோ சின்னதுதான். முகத்தைத் தொட்டு அதன்மேல் ஒளியை அளக்க வேண்டும், தேவைப்பட்டால் ஒரு படி ஏற்ற வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மதிய வெயிலும், பொறுமையாக நிற்கும் ஒரு பாட்டியும் போதும்.

சரி, இதுவும் கைவந்துவிட்டது. அதற்குப் பிறகு? அங்கேதான் உண்மையான உயர்நிலைப் பாடம் ஆரம்பிக்கிறது.

2025 ஜூலை 8. காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். சற்று நேரத்தில் அந்த இடத்தின் படங்களும் வீடியோக்களும் செல்போன் செல்போனாகப் பறந்தன. கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று அன்று ஒரு தரப்பு ஒன்று சொன்னது, மறு தரப்பு வேறொன்று சொன்னது.

யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் கேமராவோடு நிற்பவன் எதை எடுக்க வேண்டும்? கேட் இருக்கும் நிலையை, தண்டவாளத்தை, வேன் கிடக்கும் திசையை, நேரத்தோடு எடுத்த ஒரு படம் நாளைக்கு விசாரணையில் பேசும். அடிபட்ட குழந்தையின் முகத்தை நெருங்கி எடுத்த படம் யாருக்கு உதவும்? அந்தத் தாயின் போனுக்கே அது வந்து சேர்ந்தால்? முதலில் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுத்துத் தூக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளில் எது ஷட்டர் ஸ்பீடு சம்பந்தப்பட்டது? ஒன்றுகூட இல்லை. "அட்வான்ஸ்டு" என்று தலைப்புப் போட்ட வீடியோக்களில் எத்தனை இதைப் பேசுகின்றன?

இதற்கு விடை தேடியவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர். ரசாயன ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக ஜனங்களின் உடம்பில் ஏறியது. யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரும் மனைவி ஐலீனும் 1971-ல் அங்கே போய் வாடகைக்கு வீடு பிடித்து சுமார் மூன்று வருடம் தங்கினார்கள். 1972-ல் ஆலைக்காரர்களின் ஆட்கள் ஸ்மித்தை அடித்துப் போட்டார்கள். அவர் எடுத்த மிகப் புகழ்பெற்ற படம், பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் காட்சி. பிற்காலத்தில் அந்தக் குடும்பம் மனம் வருந்திக் கேட்டதும், 1990-களின் கடைசியில் அதை இனி வெளியிட அனுமதிப்பதில்லை என்று ஐலீன் முடிவெடுத்தார். படம் எடுக்க மூன்று வருடம் தங்குவதும் பாடம்தான், உலகமே புகழ்ந்த படத்தை உள்ளே எடுத்து வைப்பதும் பாடம்தான்.

ஜப்பான் தூரம் என்றால் மதுரை இருக்கிறது. மீன் விற்கும் தாயின் மகன் எம். பழனிகுமார். தன் அம்மாவின் உழைப்பையே படமாக எடுத்தவர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவு செய்தவர். வடசென்னைப் பிள்ளைகளின் கையில் கேமரா கொடுத்துக் கற்றுத் தந்தவர். அவர் படங்களில் வானம் மாற்றி ஒட்டப்படவில்லை!

அவ்வளவு ஏன், சிப்காட் ஜனங்களையே பாருங்கள். 2004 வாக்கில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஊர்க்காரர்கள் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். என்ன நாற்றம், எந்த நேரம், காற்று எந்தப் பக்கம் என்று குறித்து வைத்தார்கள். அதே ஒழுங்கோடு ஒரு மாணவன் உப்பனாற்றை ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு முறை, ஒரு வருடம் எடுத்தால்? 52 படம். அதற்கு எந்த லென்ஸ் விலை ஈடாகும்?

ஆகவே வீடியோ தேடுவதே பாவம் என்பதில்லை. தேடட்டும். ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பார்க்கட்டும். ஒன்று, சொல்பவர் படம் காட்டுகிறாரா, பொருள் காட்டுகிறாரா? இரண்டு, தான் எடுத்து உதவாமல் போன படத்தையும் காட்டி ஏன் என்று சொல்கிறாரா? மூன்று, பார்த்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகச் சொல்கிறாரா, அடுத்த வீடியோவைச் சொடுக்கச் சொல்கிறாரா?

மூன்றிலும் தேறும் வீடியோக்கள் கொஞ்சம்தான் இருக்கும். பரவாயில்லை. உப்பனாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. அதற்கு டேட்டா தேவையில்லை.