நாலை விட அஞ்சு பெரிசாமே!

நொய்டாவுல அபார்ட்மெண்ட் பேஸ்மென்ட்ல கார் நிறுத்தறவங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நம்ம வண்டிக்குக் கீழ என்ன சொட்டுதுன்னு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே செக்யூரிட்டிக்குத் தெரிஞ்சுடும். அவர் சொல்லி சொசைட்டி செகரட்டரிக்குத் தெரியும். செகரட்டரி வாட்ஸப்ல போட்டோ போட்டா முந்நூறு வீட்டுக்கும் தெரியும். போன நவம்பர்ல என் மானம் அப்படித்தான் போச்சு. தரையில ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறை, கீழ என் பார்க்கிங் நம்பர். தங்கமணி அந்த போட்டோவை என்கிட்ட காட்டின விதத்தைப் பத்தி தனியா எழுதலாம், வேண்டாம்.

வண்டி பதினோரு வயசான சின்ன ஹேட்ச்பேக். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்தேன். இடது பக்க டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள்ள நுழையுமே, அந்த இடம் பூரா பிசுபிசுன்னு இருந்தது. விரல்ல தொட்டு முகர்ந்தா, தீபாவளிக்கு மறுநாள் காலைல தெரு வாசம் அடிக்குமே, அந்த மாதிரி ஒரு கந்தக நெடி. என்ஜின் ஆயில்ல அது இருக்காது. ஆக, கியர் ஆயில்தான்.

வழக்கமா விடற பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஏசி ரூம், காப்பி மெஷின், கையில டேப்லெட் வெச்சுக்கிட்டு ஒரு பையன். அவன்கிட்ட நானே வாயைக் கொடுத்து, "காலைல முதல் பத்து நிமிஷம் ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது"ன்னும் சொல்லித் தொலைச்சேன். அவ்வளவுதான். கியர்பாக்ஸ் இறக்கணும், சிங்க்ரோ ரிங் செட் மாத்தணும், எப்படியும் இறக்கறோமேன்னு கிளட்ச்சும் மாத்திடலாம் சார்... எஸ்டிமேட் 31,400 ரூபாய். யோசிச்சு சொல்றேன்னுட்டு வந்துட்டேன்.

வீட்டுல தங்கமணி மளிகைக்கடை பில்லைக் கூட அஞ்சு வருஷம் வெச்சிருக்கிற ரகம். கார் ஃபைலை எடுத்துப் புரட்டினா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதே ஒர்க்‌ஷாப் கொடுத்த பில். அதுல ஒரு வரி: "பிரீமியம் கியர் ஆயில் அப்கிரேடு, 80டபிள்யூ-90, ஜிஎல்-5". எனக்கு நல்லா ஞாபகம் வந்துடுச்சு. "சார், கம்பெனிக்காரங்க ஜிஎல்-4தான் போடறாங்க. நாங்க ஜிஎல்-5 போடறோம், அது லேட்டஸ்ட்"னு சொன்னாங்க. நானும் பெருமையா, "டீக் ஹை" சொல்லி, 1,100 ரூபாய் கூடக் கொடுத்தேன். கார் டேஷ்போர்டுல பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காம தூங்கிட்டிருந்த ஓனர்ஸ் மேனுவலை அன்னிக்குத்தான் முதல் தடவையா பிரிச்சேன். அதுல கொட்டை எழுத்துல 75டபிள்யூ-80, ஜிஎல்-4.

சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, அதுக்கு பில்லோட அத்தாட்சி வெச்சிருக்கறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். இந்த நாலு, அஞ்சுங்கிறது பரீட்சை மார்க் இல்லை மக்களே. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் வெச்ச வகைப் பெயர். எந்த மாதிரி பல்சக்கரத்துக்கு எந்த மாதிரி ஆயில்ங்கிற பிரிவு. பெரிய நம்பர்தான் உசத்தின்னா, ஜிஎல்-6னு ஒண்ணு இருந்ததே, அதை ஏன் யாரும் விக்கறதில்லை? ஏன்னா அந்த வகையே காலாவதி ஆகிடுச்சு, அதை சோதிக்கிற சாதனமே இப்ப இல்லை. "அஞ்சு லேட்டஸ்ட்"னு சொல்ற ஆளுகிட்ட ஆறு கொடுய்யான்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாரு.

ஜிஎல்-5 பொறந்தது ஹைபாய்டு பல்சக்கரத்துக்கு. லாரி, ஜீப், அந்தக் கால அம்பாசடர் மாதிரி பின் சக்கரம் இழுக்கிற வண்டிகள்ல பின்னாடி டிஃபரன்ஷியல்னு உருண்டையா தொங்குமே, அதுக்குள்ள கிரௌனும் பினியனும் ஒண்ணு மேல ஒண்ணு உருள்றது மட்டுமில்லாம பக்கவாட்டுல தேய்ச்சுக்கிட்டே ஓடும். அந்த அழுத்தத்துல சாதா ஆயில் படலம் கிழிஞ்சுடும். அதனால கந்தகம், பாஸ்பரஸ் கலந்த ரசாயனத்தை நிறையப் போட்டு, சூட்டுல உலோகத்து மேல ஒரு பலி ஆடு மாதிரி மேல்தோல் உருவாகற மாதிரி செய்யறாங்க. பல்லுக்குப் பதிலா அந்தத் தோல் தேயும். அருமையான ஏற்பாடு. ஜிஎல்-4ல அந்த ரசாயனம் ஏறக்குறைய பாதிதான்.

ஆனா முன் சக்கரம் இழுக்கிற நம்ம சின்னக் கார்ல ஹைபாய்டே கிடையாது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டி, உள்ளே சாய்வா வெட்டின பல்லுங்க. அதோட, பித்தளையில செஞ்ச சிங்க்ரோ ரிங். கியர் மாத்தும்போது அந்த ரிங் எதிர்க்க இருக்கிற கூம்பு மேல உரசி, ரெண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்தினாத்தான் பல்லு சத்தமில்லாம உள்ளே விழும். உரசணும்! வழுக்கக் கூடாது. அந்த வேலையைச் செய்யற இடத்துல போய் உலகத்துலேயே நல்லா வழுக்கற ஆயிலை ஊத்தினா, ரிங் பிடிக்காம சறுக்கும், "கர்ர்"ங்கும். போதாததுக்கு, சூடான நேரத்துல அந்தக் கந்தகம் செம்பு கலந்த உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கறுக்க வெச்சு அரிக்கும்.

"அதெல்லாம் பழைய கதை, இப்ப வர்ற ஜிஎல்-5 எல்லாம் காப்பர் ஸ்ட்ரிப் டெஸ்ட் பாஸ் பண்ணிடுது"ன்னு ஆபீஸ்ல ஒரு மெக்கானிக்கல் நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். அந்த டெஸ்ட்ல செம்புத் தகட்டை சூடான ஆயில்ல சில மணி நேரம் ஊற வெச்சு நிறம் மாறுதான்னு பார்ப்பாங்க. பித்தளையை அரிக்காதுங்கறதுக்கு அது ஓரளவுக்கு சாட்சி. சிங்க்ரோ எப்படிப் பிடிக்கும்ங்கறதைப் பத்தி அது ஒரு வார்த்தை சொல்லாது. இன்னொரு தந்திரம், டப்பால "ஜிஎல்-4/ஜிஎல்-5"னு ரெண்டையும் போடறது. பாரம் தாங்கறதுல அஞ்சு நாலை விட மேல, அதனால நாலும் அடக்கம்னு கணக்கு. உள்ளே இருக்கறது பெரும்பாலும் அஞ்சுதான். என்ஜின் ஆயில் டப்பால இருக்கிற அந்த வட்ட முத்திரை மாதிரி கியர் ஆயிலுக்கு ஏபிஐ லைசென்ஸ் முத்திரையும் கிடையாது. தயாரிக்கறவங்க சொல்றதுதான் வாக்கு.

அதுக்காக ஜிஎல்-5 விஷம்னு நான் சொல்ல வரலை. சுபாரு மாதிரி சில வண்டிகள்ல கியர்பாக்ஸும் ஹைபாய்டும் ஒரே ஆயில்ல குளிக்கும், அங்க ஜிஎல்-5தான் போடச் சொல்வாங்க. அங்க போய் நாலை ஊத்தினா அது தப்பு. எது சரின்னு வண்டியைச் செஞ்சவன் எழுதி, அச்சடிச்சு, வண்டிக்குள்ளேயே வெச்சுக் கொடுத்திருக்கான். அதைத் தாண்டி "அப்கிரேடு" பண்ண இவங்க யாரு?

அடுத்து இந்த 90, 140 கூத்து. லீக்னு சொன்னதும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "85டபிள்யூ-140 போடுங்க பாய்சாப், கெட்டியா இருக்கும், ஒழுகாது"ன்னார். சாம்பார் தண்ணியா இருக்குன்னு மாவு கரைச்சு ஊத்தற வைத்தியம். டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ல எப்படின்னு சொல்றது. 75டபிள்யூங்கிற ஆயிலை மைனஸ் 40 டிகிரியில சோதிப்பாங்க, 80டபிள்யூவை மைனஸ் 26ல, 85டபிள்யூவை மைனஸ் 12ல. நமக்கு மைனஸ் கிடையாது, ஆனா நொய்டா ஜனவரியில காலை ஆறு மணிக்கு அஞ்சாறு டிகிரி சாதாரணம். ஊர்ல, நாகர்கோவில்ல, இதே வண்டி இதே ஆயிலோட ஓடியிருந்தா எனக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. இங்க ரெண்டாவது கியர் அடம் பிடிச்சதுல பாதிப் பாவம் அஞ்சுக்குன்னா, மீதி அந்த 80டபிள்யூ-90க்கு. இன்னொண்ணு, கியர் ஆயில் 90ஐ என்ஜின் ஆயில் 40ஓட ஒப்பிட்டு "அம்மாடி, எவ்ளோ கெட்டி"ன்னு மலைக்காதீங்க. ரெண்டும் வேற வேற அளவுகோல். கியர் 90, என்ஜின் ஆயில்ல சுமார் 40, 50க்குச் சமானம்.

சரி, ஒழுகினது என்னாச்சு? மார்க்கெட்டுக்குப் பின்னாடி சந்துல ஒரு உஸ்தாத் இருக்கார். முதல்ல டீசல் போட்டு கியர்பாக்ஸை சுத்தமாத் துடைச்சார். முகத்துக்குப் போடற டால்கம் பவுடரைத் தூவினார். "ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க"ன்னார். வந்து பார்த்தா, வெள்ளையில ஈரக்கோடு ஒரே இடத்துலேர்ந்துதான் கிளம்புது. இடது பக்க டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல். கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவுல இருக்கற சீல் போயிருந்தா நிஜமாவே பெட்டியை இறக்கணும், கிளட்ச்சும் நனைஞ்சிருக்கும். எனக்கு அது இல்லை. எங்கேர்ந்து ஒழுகுதுன்னு பார்க்காமலே 31,400 எழுதின அந்த டேப்லெட் பையனை நினைச்சேன்.

உஸ்தாத் செஞ்சதுல நான் ரசிச்ச விஷயம் ரெண்டு. ஆயிலை வடிக்கறதுக்கு முன்னாடி, மேல ஊத்தற துளையோட போல்ட்டைத் திறந்து பார்த்தார். அது துருப்பிடிச்சுத் திறக்கலைன்னா, வடிச்சதுக்கப்புறம் எப்படித் திரும்ப ஊத்தறது? வண்டி நடுத்தெருவுல நிக்கும். எளிமையான புத்தி, எனக்கு வந்திருக்காது. ரெண்டாவது, பிரீதர். கியர்பாக்ஸ் மேல மூச்சு விடற ஒரு சின்ன மூடி. மண்ணு அடைச்சுக் கல்லா இருந்தது. பெட்டி சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினா காத்து வேற எங்க போகும்? ஆயிலைத் தள்ளிக்கிட்டு சீல் வழியாத்தான். அதை சுத்தம் பண்ணாம சீல் மட்டும் மாத்தியிருந்தா ஆறு மாசத்துல திரும்ப வாட்ஸப்ல வந்திருப்பேன்.

கழட்டின சீலோட உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைச்சுப் போயிருந்தது. இந்த விறைச்ச ரப்பரை "லீக் ஸ்டாப்" பாட்டில் ஊத்தி ஊற வெச்சுடலாம்னு ஒரு கோஷ்டி திரியுது. கிட்ட சேர்க்காதீங்க. புது சீல் உதட்டுல கிரீஸ் தடவி, சரியான அளவு சாக்கெட்டை மேல வெச்சு சுத்திலும் சமமாத் தட்டி இறக்கினார். ஷாஃப்டை உள்ளே விடும்போது அவர் மூச்சு விட்ட மாதிரியே தெரியலை, உதடு கிழிஞ்சா வேலையே போச்சு. அப்புறம் மட்டமான தரையில நிறுத்தி, ஊத்தற துளை விளிம்புல ஆயில் வழியற வரைக்கும் ஊத்தினார். கூட ஊத்தினா நுரைச்சு வெளியேதான் வரும்.

செலவு: சீல் 180, வாஷர் 20, ஜிஎல்-4 75டபிள்யூ-80 மூணு லிட்டர் 1,560, கூலி 1,200. மொத்தம் 2,960.

எனக்கு ஒர்க்‌ஷாப் மேல இருக்கற கோபத்தை விட என் மேலதான் அதிகம். ஹிந்தி சரியா வராததால தலையாட்டிட்டேன்னு ரொம்ப நாளா எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன். பொய். ஊர்ல இருந்தப்ப தமிழ்லயும் இப்படித்தான் "சரிண்ணே, போட்டுடுங்க"ன்னு தலையாட்டியிருக்கேன். ஒரு மொபைல் வாங்க ரெண்டு வாரம் ரிவ்யூ படிக்கிற ஆளு, ஆபீஸ்ல அடுத்தவன் எழுதின கோடுல ஒரு கமா விடமாட்டேன், ஆனா டப்பாவைக் காட்டுய்யான்னு கேட்க கூச்சம். கேட்டா நம்மளை ஒண்ணும் தெரியாதவன்னு நினைச்சுடுவானாம். கேட்காததால என்ன நினைச்சான்னு பில்லுலயே இருக்கு.

இந்தத் தடவை டப்பாவை நானே வாங்கிட்டுப் போனேன். சீல் உடைக்காத டப்பா, கண் முன்னாடி திறந்து ஊத்தி, காலி டப்பால ஸ்க்ரூடிரைவரால ஓட்டை போட்டுத்தான் போட்டேன். காலி டப்பா நிரம்பித் திரும்பக் கடைக்கு வர்ற ஊரு இது. உஸ்தாத் சிரிச்சாரே தவிர, கோவிச்சுக்கலை.

இப்ப மூணு மாசம் ஆச்சு. ராத்திரி காருக்குக் கீழ ஒரு அட்டையை விரிச்சு வெக்கிறேன், காலைல எடுத்துப் பார்க்கிறேன். காய்ஞ்சே இருக்கு. பழைய கறையை ரெண்டு கிலோ சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சும் முழுசாப் போகலை. ரெண்டாவது கியர் காலைலயும் ஒழுங்கா விழுது. மூணுலேர்ந்து ரெண்டுக்கு அவசரமா இறக்கினா மட்டும் இன்னும் ஒரு சின்ன "கர்ர்" கேட்குது. ரெண்டு வருஷத்துல தேஞ்ச பித்தளை, அது இனிமே வளராது.