செவ்வாய் செய்த குற்றம் என்ன?

சென்ற வாரம் தோழர் ஒருவர் நமது அலுவலகத்திற்கு வந்திருந்தார். பஞ்சாலைத் தொழிலாளி. இருபது ஆண்டுகளாகக் கட்சிக் கொடியைத் தோளில் சுமந்து வருபவர். இரவு ஷிப்டு முடிந்து நேரே வந்தவர், பேச்சின் நடுவே தலையைக் குனிந்து கொண்டார்.

அவருடைய மூத்த மகளுக்கு வயது முப்பதை நெருங்குகிறது. படித்த பெண், வேலைக்கும் போகிறாள். வந்த வரன்கள் நான்கும் தட்டிப் போயின. பெண்ணைப் பிடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லையாம். "செவ்வாய் ஏழில் நிற்கிறது" என்று சொல்லித் திரும்பிவிட்டார்களாம். "வாழை மரத்துக்குத் தாலி கட்டினால் தோஷம் கழியும் என்றார்கள். வட்டிக்கு வாங்கி அதையும் செய்தேன். கட்சிக்காரனாக இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தோழரே" என்றார்.

அவர் மட்டுமா வெட்கப்பட வேண்டும்? திரும்பிப் போன நால்வரில் ஒருவர் நமது கட்சிக்காரர்!

ஆகவே இதைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேசியாக வேண்டும்.

செவ்வாய் தோஷம் என்பது என்ன? சாதகக் கட்டத்தில் வீடுகள் பன்னிரண்டு. லக்கினத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள் நமது பக்கத்துச் சோதிடர்கள். வடநாட்டிலே பலர் 2ஐ விட்டுவிட்டு 1ஐச் சேர்த்துக் கொள்கிறார்கள். அப்படியானால் மதுரையில் தோஷமுள்ள பெண், காசிக்கு ரயிலேறினால் தோஷமற்றவள் ஆகிவிடுவாளா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டில் ஐந்து என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர். லக்கினத்தோடு நிற்காமல் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்போரும் உண்டு. மூன்றில் எதில் அகப்பட்டாலும் தோஷமே என்றால், நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் சிக்கிக் கொள்கிறார்கள். இத்தனை பேரையும் ஒதுக்கினால் நாட்டிலே கலியாணம் நடக்குமா? நடக்காது. அதனால்தான் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். மேஷத்தில் இருந்தால் தோஷமில்லை, மகரத்தில் உச்சம் பெற்றால் தோஷமில்லை, குரு பார்த்தால் தோஷமில்லை! பணக்கார வீட்டுப் பெண்ணின் சாதகத்திலே விதிவிலக்கு உடனே கண்ணில் படுகிறது. பஞ்சாலைத் தொழிலாளியின் மகளென்றால் குருவின் பார்வைகூடக் கிட்டுவதில்லை.

இதோடு விட்டார்களா? மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை கணவனின் அண்ணனுக்கு ஆகாது. விசாகம் அவன் தம்பிக்கு ஆகாது. இருபத்தேழு நட்சத்திரத்தில் நான்கு போயிற்று. ஏழு பெண்களில் ஒருத்தி, பிறந்த அன்றே குற்றவாளி! மணமகனின் நட்சத்திரத்தால் பெண்ணின் தங்கைக்கு ஆபத்து என்று சொல்லி எந்த வீட்டிலாவது சம்பந்தம் முறிந்ததுண்டா? கேட்கிறோம், பதில் உண்டா?

நாகதோஷம், காலசர்ப்ப தோஷம் என்ற பயமும் உண்டு. இராகு, கேது என்பவை கோள்களே அல்ல. வானிலே சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டுகின்ற இரண்டு புள்ளிகள், அவ்வளவே. அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, பாம்பும் இல்லை. கிரகணம் என்பது நிழல்தான் என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழிந்த பிறகும் அந்த நிழலுக்குப் பயந்து நம் வீட்டுப் பெண்ணைக் கண்ணீர் விட வைக்கிறோம்.

சனியின் கதை இன்னும் வேடிக்கை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 சனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி போனது 2023 திசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்ததும் அன்றுதான். ஒரே சனி, ஒரே வானம், இடையிலே பதினொரு மாதம்! அந்தப் பதினொரு மாதமும் ஏழரை யாருக்கு நடந்தது? எந்தப் பஞ்சாங்கத்தை நம்பிப் பரிகாரம் செய்தவன் ஏமாந்தவன்?

1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகரத்திலே எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்றார்கள். நாடெங்கும் யாகம் வளர்த்தார்கள். நெய்யைக் குடம் குடமாக நெருப்பிலே கொட்டினார்கள். உலகம் அழியவில்லை. அதே மாதத்திலே பொதுத் தேர்தலும் நடந்து முடிந்தது.

சோதனை செய்யாமலே பழிக்கிறீர்கள் என்பார்கள். சோதனையும் நடந்தது. வானியல் அறிஞர் செயந்த் நார்லிகர் 2008இல் மகாராட்டிரத்தில் நடத்தினார். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் சாதகங்களைத் திரட்டி, ஒவ்வொரு சோதிடருக்கும் 40 கொடுத்து, எது எவருடையது என்று சொல்லச் சொன்னார். விடை அனுப்பியவர்கள் 27 பேர். சரியாகச் சொன்னது சராசரியாக நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் 50 கிடைத்திருக்கும்!

செவ்வாய் என்பது நமது பூமியின் குறுக்களவில் பாதியளவே உள்ள ஒரு கோள். துருப்பிடித்த மண்ணால் சிவந்து தெரிகிறது. சூரியனைச் சுற்றிவர அதற்கு 687 நாள் ஆகிறது. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாம் அதற்கு ஒரு கலத்தை அனுப்பினோம். அன்றைக்குக் கிழமையும் செவ்வாய்! 2014 செப்டம்பர் 24 அன்று அந்தக் கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. அந்தத் திட்டத்தை வழிநடத்தியவர்களில் ஒருவரான மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்து தமிழில் படித்தவர். ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பிய கலம் 2022 வரை உழைத்தது. அது எடுத்தனுப்பிய படங்களிலே பள்ளத்தாக்கு இருந்தது, எரிமலை இருந்தது, புழுதிப் புயல் இருந்தது. நம் தோழரின் மகளைப் பற்றி ஒரு வரி இருந்ததா?

அப்படியானால் தோஷம் எங்கே இருக்கிறது? பெண்ணுக்கு விலை பேசுகிற சந்தையிலே இருக்கிறது. கேட்ட நகை வராது என்று தெரிந்தால், அதை வெளியில் சொல்ல வெட்கம். "சாதகம் பொருந்தவில்லை" என்று சொன்னால் கௌரவமாகத் திரும்பிவிடலாம். நகை பேசி முடிந்துவிட்டால் பொருந்தாத சாதகமும் பொருந்திவிடுகிறது. பழியைச் சுமக்கச் செவ்வாய்க்கு வாயில்லை. பெண்ணுக்கு வாயிருந்தும் பேச விடுவதில்லை.

"நம்பினால் என்ன நட்டம்?" என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்லுகிறோம். நட்டத்தைப் பஞ்சாலைத் தோழரின் வட்டிக் கணக்கிலே பாருங்கள். வீட்டுக்குள்ளே பேசாமல் உட்கார்ந்திருக்கும் அவர் மகளின் முகத்திலே பாருங்கள்.

புரோகிதரும் முகூர்த்தமும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று அண்ணா ஆட்சியிலே 1967இல் சட்டம் இயற்றினோம். புரோகிதரை மணமேடையிலிருந்து இறக்கிவிட்டோம். ஆனால் சாதகக் கட்டைப் பீரோவிலே வைத்துப் பூட்டிக் கொண்டோம். மேடையிலே பகுத்தறிவு, வீட்டிலே பத்துப் பொருத்தம் என்றால் ஊர் நம்மை மதிக்குமா?

தோழர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள், சாதகம் எழுதாதீர்கள். மகனுக்குப் பெண் பார்க்கப் போனால் சாதகம் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். பையன் குடிக்கிறானா, கடன் வைத்திருக்கிறானா, உடல்நலம் எப்படி, இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வாழ்க்கையைக் கெடுக்கின்ற தோஷங்கள் அவைதாம். அவற்றுக்குப் பரிகாரமும் நம் கையிலேயே இருக்கிறது.

முதலில் மகனைப் பெற்ற தோழர்கள் தொடங்கட்டும். பெண்ணைப் பெற்றவன் சாதகத்தைக் கிழித்தால் சம்பந்தம் போய்விடும். பையனைப் பெற்றவன் கிழித்தால் ஒரு வீட்டுக் கண்ணீர் நிற்கும். திரும்பிப் போன அந்த நான்காவது வீட்டுத் தோழர் இதைப் படிப்பார் என்று நம்புகிறோம். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மறுபடியும் போகின்ற வழி அவருக்குத் தெரியும்.