கொடுத்த வித்தை

நமது பகுதியைத் தவறாது படித்துவரும் தாயார் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வேளையிலும் தம் மகன் கூண்டுக்குள் இருவர் கட்டிப் புரளும் சண்டைகளையே பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்று குறைபட்டு, "இதிலே கற்றுக்கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டோ?" என வினவுகின்றார். நியாயமான கேள்விதான். நாமும் அச்சண்டைகளைக் கண்டு முகஞ்சுளித்தவர்களே. ஆயினும், வயது முதிர்ந்த வீரர் ஒருவர் நெடுநாட்களின் பின் அக்கூண்டுக்குத் திரும்பி வந்து தோற்ற வரலாற்றை அறிந்தபின் நமது எண்ணம் சிறிது மாறியது. அதனையே இன்று அத்தாயாருக்கும் மகனுக்கும் கூறப் புகுகின்றோம்.

1993ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரிலே ஒரு புதுமையான போட்டி நடைபெற்றது. குத்துச்சண்டை, மல்யுத்தம், கராத்தே முதலிய கலைகளுள் எது வலியது என்று கண்டுவிடுவதே அதன் நோக்கம். எடைப் பிரிவு இல்லை. விதிகளும் மிகச் சில. எட்டு மூலைகள் கொண்ட கம்பிவலைக் கூண்டே களம். பின்னர் யூ.எவ்.சி. என்ற பெயரால் உலகெங்கும் பரவிய போட்டிகளுள் இதுவே முதலாவது.

அக்கூண்டுக்குள் வெள்ளை அங்கி அணிந்து நுழைந்தார் பிறேசில் நாட்டிற் பிறந்த றொய்ஸ் கிறேசி. வயது 26, எடை ஏறத்தாழ 180 இறாத்தல். பார்வைக்கு மெலிந்தவர். அன்றிரவே மூவரை அடுத்தடுத்து வென்று முதற் பரிசைப் பெற்றார். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே இரவில் நால்வரை வென்றார். அவ்வாண்டு டிசம்பரில், 250 இறாத்தலுக்கு மேற்பட்ட டான் செவேர்ன் என்னும் மல்யுத்த வீரரின் கீழே கால் மணி நேரத்துக்கு மேலாக அகப்பட்டுக் கிடந்தார். பார்த்தவர்கள் அவர் கதை முடிந்தது என்றே எண்ணினர். அவரோ கீழே கிடந்தபடியே தம் இரு கால்களாலும் செவேர்னின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பின்னி இறுக்கினார். மேலே இருந்தவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இது மாயமன்று, ஜியு-ஜிட்சு என்னும் வித்தை. ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா பிறேசிலிற் குடியேறி, அங்கே கார்லோஸ் கிறேசி என்னும் இளைஞருக்குத் தம் கலையைக் கற்பித்தார். கார்லோசும் அவர் தம்பி எலியோவும் அதனைத் தரையிற் கிடந்து போராடும் கலையாக வளர்த்தனர். எலியோவின் மகனே றொய்ஸ். பாரமான கல்லை நெம்புகோல் அசைப்பதுபோல, எதிராளியின் ஒரு மூட்டின்மீது தன் உடல் முழுவதன் பலத்தையும் செலுத்துவதே இதன் அடிப்படை. கழுத்தின் இரு பக்கத்து இரத்தக் குழாய்களையும் சரியாக நெரித்தால் எத்தகைய பலசாலியும் சில விநாடிகளில் மயங்கிவிடுவான். (மாணவ நேயர்கள் இதனை வீட்டிலே தம்பிமாரிடம் செய்து பார்த்தலாகாது!) மூட்டு முறியுமுன், அல்லது மயக்கம் வருமுன், அகப்பட்டவன் உள்ளங்கையாற் தட்டினால் போதும், பிடி உடனே விடப்படும். கலை பயில்வோர் அன்றாடம் தட்டியே பழகுகின்றனர்.

நிற்க, இத்தகைய வித்தையைக் கிறேசி குடும்பத்தினர் பூட்டிவைத்தார்களா? இல்லை. அந்த முதற் போட்டியை அமைத்தவர்களுள் ஒருவரே றொய்ஸின் தமையனார் றொறியன். தம் குடும்பக் கலையின் வலிமையை உலகம் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். உலகம் கண்டது, கண்டதோடு நில்லாமல் கற்கவும் வந்தது. மல்யுத்தம் பயின்றவரும், குத்துச்சண்டை பயின்றவரும், தம்மைக் கட்டிப்போட்ட அந்தப் பிடிகளைத் தாமும் பழகினர். அவற்றிலிருந்து விடுபடும் வழிகளையும் பழகினர். 1995ஆம் ஆண்டு றொய்ஸ் அப்போட்டிகளை விட்டு விலகினார். அதன் பின் எடைப் பிரிவு, கையுறை, ஐந்து நிமிடச் சுற்று, நடுவருக்குக் கூடிய அதிகாரம் என விதிகள் பல வகுக்கப்பட்டன. ஒரே கலையை நம்பி எவரும் கூண்டுக்குள் இறங்காத காலம் பிறந்தது.

அக்காலத்தின் வீரர் மற் ஹியூஸ். இலினோய் மாநிலத்துக் கமக்காரக் குடும்பத்திலே பிறந்தவர். பல்கலைக்கழக மல்யுத்தத்திலே புகழ் பெற்றவர். எனினும், 2004ஆம் ஆண்டு தம் முதன்மைப் பட்டத்தை மீண்டும் அவர் வென்றது எதிராளியின் கையை மடக்கிப் பிடித்த ஒரு பூட்டினால். அடுத்த ஆண்டு அதனைக் காத்துக்கொண்டது பின்னிருந்து கழுத்தை நெரித்த ஒரு பிடியினால். இரண்டும் கிறேசி வீட்டுப் பாடங்கள் என்பதை நேயர்கள் கவனிக்க.

2006ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே இவ்விருவரும் சந்தித்தனர். ஹியூசுக்கு வயது 32, றொய்ஸுக்கு 39. யூ.எவ்.சி. கூண்டுக்குள் அவர் திரும்பி வந்தது பதினொரு ஆண்டுகளின் பின். வெள்ளை அங்கி இல்லை, அரைக்காற்சட்டையோடு வந்தார். சண்டை தொடங்கிச் சிறிது நேரத்திற் தரைக்குச் சென்றது. தரையோ கிறேசியின் சொந்த வீடு. ஆயின், அன்று அந்த வீட்டிலே அதிகாரம் செலுத்தியவர் ஹியூஸ். றொய்ஸின் கையைப் பற்றி, கிறேசிகள் உலகுக்குக் காட்டிய முறைப்படியே முழங்கையைப் பின்னோக்கி வளைத்தார். றொய்ஸ் தட்டவில்லை. ஹியூஸ் அப்பிடியை விட்டுப் பின்னர் அவர் முதுகின்மேல் ஏறிக் குத்தத் தொடங்கினார். 4 நிமிடம் 39 விநாடியில் நடுவர் சண்டையை நிறுத்தினார். முதற் சுற்றே முடியவில்லை.

கை வளைக்கப்பட்டும் தட்டாத மகனைக் கண்டவர்களுக்குத் தந்தையின் நினைவு வந்திருக்கும். 1951ஆம் ஆண்டு அக்டோபரில், றியோ நகரத்து மரக்கானா அரங்கிலே, 38 வயதான எலியோ தம்மிலும் பாரமான ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுறாவுடன் பொருதினார். கிமுறா அவர் கையைப் பின்புறம் முறுக்கியபோது அவரும் தட்டவில்லை. தமையன் கார்லோஸே தலையிட்டுச் சண்டையை நிறுத்துவித்தார். அதன் பின் கிறேசி குடும்பத்தார் செய்ததே பெரிது. தம்மை வென்ற அந்தப் பிடியை வெறுக்கவில்லை. அதனைக் கற்றனர், கற்பித்தனர், அதற்கு வென்றவர் பெயரையே சூட்டினர். இன்றும் உலகெங்கும் அதற்குக் 'கிமுறா' என்றே பெயர். தோல்வியிலிருந்து பாடம் எடுத்த குடும்பத்திடமிருந்து உலகம் பாடம் எடுத்தது. 2006இலே அந்தப் பாடம் அக்குடும்பத்துக்கே ஒப்புவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றுக்கு ஒரு கசப்பான பின்னுரையும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. 2000ஆம் ஆண்டு தோக்கியோ நகரிலே 90 நிமிடம் போராடித் தம்மை வென்ற கசூஷி சக்குறாபாவை, 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் றொய்ஸ் மீண்டும் சந்தித்துப் புள்ளிகளால் வென்றார். ஆனால், தடை செய்யப்பட்ட மருந்து அவர் உடலிற் காணப்பட்டதாகக் கலிபோர்னிய மாநில விளையாட்டு ஆணைக்குழு அறிவித்து, அபராதமும் தடையும் விதித்தது. ஹியூஸிடம் அடைந்த தோல்வியில் அவர் பெயருக்கு மாசு ஏற்படவில்லை. சக்குறாபாவிடம் பெற்ற வெற்றியிலோ ஏற்பட்டது. தோல்வியும் இழிவும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

"வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு" என்பது நம்மவர் பழமொழி. இங்கே ஒரு சிறு வேறுபாடு: அந்த இரண்டாவது வல்லவனை உருவாக்கியதில் முதலாவது வல்லவனுக்கும் பங்குண்டு. பிடிகளை ஒளித்து வைத்திருந்தால் றொய்ஸ் இன்னுஞ் சில காலம் வென்றிருக்கலாம். வித்தையோ ஒரு வீட்டோடு ஒடுங்கியிருக்கும். கொடுத்தபடியால் அவர் தோற்றார்; கொடுத்தபடியாலேயே வித்தை வாழ்கின்றது. தம்மிடம் படித்த பிள்ளை தம்மையே திருத்தும் நாளை எந்த நல்லாசிரியரும் எதிர்பார்த்தே இருக்கின்றார். அந்நாளிலே நெஞ்சு சற்று நோகும், நோவதிலே தவறில்லை.

ஆகவே அம்மா, உங்கள் மகன் பார்ப்பதிலே கற்றுக்கொள்ளத்தக்கது உண்டு. குத்தை மட்டும் பார்த்தால் அது கண்ணுக்குப் புலப்படாது. தம்பி, உமக்கும் ஒரு சொல். தந்தையும் மகனும் அரங்கிலே தட்ட மறுத்ததை வியந்து பாரும். ஆனால் பயிலும்போது தட்டும். தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியரிடம் ஒப்புக்கொள்வதும் ஒருவகைத் தட்டுதலே. அவ்வாறு ஒப்புக்கொள்பவன் மறுநாளும் பாடத்துக்கு வருவான். இப்போது சண்டையை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடும், பரீட்சை நெருங்குகின்றது.